இயந்திர ஆற்றுப்படை: இணையவழி இசை நாட்டம் பற்றியதொரு திறனாய்வு

தமிழ் இலக்கிய மரபில் ஆற்றுப்படை என்பது தனிச் சிறப்புடையதொரு துறை. வள்ளல் ஒருவனை அடைந்து பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்ப்படும் பிறிதொரு கலைஞனுக்குத் தான் சென்ற நெறியைக் காட்டி, அவ்வள்ளலிடத்து அவனைச் செலுத்துதல் அதன் பொருளாகும். பத்துப்பாட்டினுட் சரிபாதியாகிய ஐந்து பாட்டுக்கள் இப்பெயர்க்கு உரியன. மலைபடுகடாமும் கூத்தராற்றுப்படை எனவே வழங்கப்பெறும். திருமுருகாற்றுப்படை வீடுபேறு விழைந்தானை முருகனிடத்து ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கும் கலைஞர் கலைஞரை ஆற்றுப்படுத்துவன. இந்நான்கையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு மூன்று இயல்புகள் புலனாகும். முதலாவது, நெறி காட்டுவோன் அந்நெறியிற் றானே நடந்து மீண்டவன். இரண்டாவது, செல்லும் வழியின் இயல்பையும், ஆங்கு எதிர்ப்படும் இடர்களையும், கிட்டும் உணவையும், காணும் மாந்தரையும் அவன் விரித்துரைக்கின்றான். மூன்றாவது, கேட்போனது நிலையைக் கண்ணாற் கண்டு, அதற்கேற்ப மொழிகின்றான். காட்டுவோன் நடவாத வழியையோ, காரணங் கூறாத கட்டளையையோ ஆற்றுப்படை என்று சான்றோர் வழங்கிற்றிலர்.

இற்றை நாளில் இசை கேட்போரை ஆற்றுப்படுத்தும் தொழிலைப் பெரும்பாலும் இயந்திரம் மேற்கொண்டுள்ளது. கையடக்கத் தொலைபேசியிற் பாட்டொன்று முடிந்ததும் அடுத்த பாட்டு இதுவெனக் காட்டப்படுகின்றது. காட்டியதைக் கேட்டோர்க்கு மேலும் அதுபோல்வன காட்டப்படுகின்றன. தம் சுவைக்கேற்ற புதிய இசையை இணையத்தின் வாயிலாகக் கண்டடைதல் எளிதாயிற்று என்று பலரும் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி எத்துணை நியாயமுடையது, சுவை என்று ஈண்டுக் கூறப்படுவது யாது, இவ்வாற்றுப்படையிற் பெறப்படுவன எவை, இழக்கப்படுவன எவை என்பன ஆராயற்பாலன. பொதுப்படப் பேசுதலினும் ஒரு நிலத்தை முன்னிறுத்திப் பேசுதல் தெளிவு பயக்குமாதலின், புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

நெய்தல் நிலத்துக்கெனத் தனி யாழும் தனிப் பண்ணும் பறையும் வகுத்தனர் பண்டை இலக்கண நூலார். நிலந்தோறும் இசை வேறுபடும் என்பதும், இசையும் அந்நிலத்துக் கருப்பொருள்களுள் ஒன்று என்பதும் அவர்தங் கொள்கை. கற்பிட்டி தொடங்கிச் சிலாபத்துக்குத் தெற்கு வரை நீண்டு கிடக்கும் இக்கடற்கரை அக்கொள்கைக்கு நல்லதோர் உரையாக அமைந்துள்ளது. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திலே நாதசுவரமும் தவிலும் தேவாரப் பண்ணும் ஒலிக்கின்றன. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட உடப்பூரிலே திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பு விழா மக்களை ஒன்றுகூட்டுகின்றது. தலவிலையிற் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குத் திரளும் அடியார் தமிழிலும் சிங்களத்திலும் பாடுகின்றனர். புத்தளம், கற்பிட்டிப் பகுதி முஸ்லிம் மக்கள் தமக்கெனப் பாட்டு மரபுகளை உடையர். 1990 ஆம் ஆண்டு வட மாகாணத்தினின்று வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம்கள் தம் ஊர்ப் பாட்டுக்களின் நினைவையும் உடன் கொணர்ந்தனர்.

இவற்றுள் இருவகைப் பாடல்கள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவன. ஒன்று, கரைவலை இழுக்கும்போது பாடப்பெறும் அம்பாப் பாடல். முன்பாட்டுக்காரர் ஓரடி எடுத்துக் கொடுக்க, கயிறு பற்றி நிற்போர் அனைவரும் ஒருங்கே மறுமொழி பாடுவர். தாளம் என்பது இங்கு அழகுக்காக அமைந்ததன்று. பலர் கைகள் ஒரு கணத்தில் இழுத்தற்கு அதுவே கருவி. மடி கரையை அணுகுந்தோறும் இசையின் நடையும் விரையும். மற்றொன்று, புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழிவந்த மக்களின் மாஞ்சப் பாடல். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோராற் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். ஆங்கிலேயரின் இலங்கைத் துப்பாக்கிப் படைப்பிரிவு 1870 களிற் கலைக்கப்பட்டபின், அப்படையிற் பணியாற்றியோர் சிலர் புத்தளப் பகுதியிற் குடியமர்ந்தனர். அவர்தம் பாடல்களின் மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்புமொழி. இற்றைத் தலைமுறையினருள் அதனைப் பேச்சுமொழியாகக் கொண்டோர் மிகச் சிலர். எனினும் பாடல்கள் நிலைபெற்றுள்ளன. மெல்லத் தொடங்கிப் படிப்படியே விரைந்து ஆடலாக முடிதல் அவற்றின் இயல்பு. இலங்கையெங்கும் பரவிய பைலா இசையும் இதற்கு உறவுடையது. அப்பைலாவைத் தமிழிற் புகுத்தி, 1970 களில் 'சுராங்கனி' என்னும் பாட்டினால் தமிழகத்தையும் கவர்ந்தவர் ஏ. ஈ. மனோகரன். அப்பாட்டைக் கேட்டுக் களித்தோர் பலர். அதன் உறவினர் புத்தளத்தருகே வாழ்தலை அறிந்தோர் சிலரே.

இணையத்துக்கு முன்னர் இக்கடற்கரையாரை ஆற்றுப்படுத்தியது வானொலி. இலங்கையில் 1925 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி என்னும் பெயருடன் தனித் திணைக்களமாயிற்று. 1967 இற் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் வர்த்தக ஒலிபரப்பின் வளர்ச்சிக்கு இந்தியாவில் நிகழ்ந்ததொன்று பெருங் காரணமாயிற்று. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், மக்களின் இசைச் சுவையை உயர்த்தக் கருதித் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியில் ஒடுக்கினார். நேயர்கள் திருந்தினாரல்லர், இலங்கை வானொலிக்குத் திரும்பினர். அவ்வாண்டு டிசம்பரிற் றொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' இந்தியா முழுதும் கேட்கப்பட்டது. தமிழ் ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனம் முதலியோரின் குரல்கள் பாக்கு நீரிணையின் இருமருங்கும் வீட்டுக் குரல்களாயின. இறுதியில் 1957 இல் விவித பாரதி என்னும் சேவையைத் தொடங்கி, இந்திய வானொலியும் திரைப்பாட்டுக்கு வழிவிட்டது. சுவையை ஆணையால் ஊட்டவியலாது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

வானொலியின் ஆற்றுப்படை குறைவற்றதன்று. திரைப்பாட்டே அதன் பெரும்பொருள். கடற்கரையில் அம்பா பாடியோர் மாலையில் வீடு வந்து கேட்டது சென்னையின் இசையையே. ஆயினும் அதன்கண் இரண்டு நன்மைகள் இருந்தன. ஒலிபரப்பாளர் பாட்டைக் கேட்டவர். அதன் ஆசிரியரையும் இசையமைப்பாளரையும் பாடியோரையும் பெயர் கூறி அறிமுகஞ் செய்தவர். மேலும், நேயர் விருப்பத்தில் ஒருவர் வேண்டிய பாட்டை ஊரே கேட்டது. பிறன் விரும்பிய பாட்டு, விரும்பாதான் செவியிலும் வீழ்ந்தது. சுவை வளர்தற்கு இவ்வாறு எதிர்பாராது வீழ்தலும் வேண்டும்.

இனி, இயந்திரம் இத்தொழிலைச் செய்யுமாற்றைச் சிறிது காண்டல் தகும். அதன் நெறிகள் பெரும்பான்மையும் இரண்டு. கேட்போரை ஒப்பிடுதல் ஒன்று. பாட்டை ஆராய்தல் மற்றொன்று. முன்னையதன்படி, ஒருவர் விரும்பிய பாட்டுக்களையே விரும்பிய வேறு பலர் பின்னும் எவற்றை விரும்பினர் எனக் கணக்கிட்டு, அவற்றை முன்னவர்க்குக் காட்டுவர். 1994 இல் அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான 'ரிங்கோ' என்பது இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இசைவாணர்களுக்கு 1 முதல் 7 வரை புள்ளியிட்டு மின்னஞ்சலில் அனுப்பினோர்க்கு, அவர் சுவைக்கேற்றவை எனக் கருதத்தக்க பிற பெயர்களை அது விடையாக அனுப்பிற்று. பின்னைய நெறிக்குச் சான்று 'பண்டோரா' நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் மேற்கொண்ட முயற்சி. பயிற்சி பெற்ற இசைவாணர்கள் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, குரல், தாளம், கருவி முதலாக ஏறத்தாழ 450 வரையான இயல்புகளாற் பகுத்துக் குறித்தனர். இன்று இவ்விரு நெறிகளும் கலந்தே பயில்கின்றன. 'ஸ்பொட்டிஃபை' நிறுவனம் 2015 முதல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முப்பது பாட்டுக்களைத் தன் நேயர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே தெரிந்தளிக்கின்றது. அச்சேவை இலங்கைக்கு 2021 இல் வந்தது. அதற்கு நெடுமுன்னரே யூடியூப் இந்நாட்டார் செவியைத் தன்வயப்படுத்தியிருந்தது. புள்ளியிடும் தொல்லையும் இன்று இல்லை. எப்பாட்டு முழுதும் கேட்கப்பட்டது, எது இடையில் விடப்பட்டது, எது மீட்டும் கேட்கப்பட்டது என்பனவே புள்ளிகளாகின்றன.

இதன் நன்மைகளை மறுத்தல் நடுநிலையாகாது. வானொலி நிலையம் என்றோ ஒருநாள் ஒலிபரப்பிய சிறாம்பியடிப் பாடலை இன்று வேண்டும்போது தேடிக் கேட்கலாம். கற்பிட்டியில் வாழும் மாணவன் காசு கொடாது கருநாடக இசையின் பெருவித்துவான்கள் பலரைக் கேட்கலாம். கடல்கடந்து வாழும் உடப்பூரார் தம் ஊர்த் திருவிழாவின் ஒலியைச் செவிமடுக்கலாம். இசைத்தட்டு விற்போரும் நிலையத்தாரும் காத்து நின்ற வாயில்கள் திறந்துவிட்டன. ஆயின் இந்நன்மைகளுட் பெரும்பாலானவை தேடலால் வருவன. காட்டலால் வருவன அல்ல. தேடுவோன் பெயரறிந்து தேடுகின்றான். அவனுக்கு அப்பெயரை முன்னரே யாரோ ஒருவர் கூறியிருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இணையவழி இசை நாட்டத்தைப் போற்றுவோரிடம் பொதுவாகக் காணப்படும் வழு.

இயந்திரக் காட்டலின் முதற் குறை, அது சுவையை ஒப்புமையாகக் கருதுதல். நேற்று விரும்பியதைப் போன்றது இன்றும் விரும்பப்படும் என்பது அதன் அடிப்படை. வாணிகத்துக்கு இஃது ஏற்கும். சுவைப் பயிற்சிக்கு ஏலாது. வள்ளுவர் செவிச்சுவையைக் கேள்வி என்னும் அதிகாரத்தில் வைத்தமை நோக்கற்பாலது. செவியின் சுவை தானே வருவதன்று. கேட்டுக் கேட்டுப் பண்படுவது என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். விளம்ப காலத்து ஆலாபனை முதற் கேள்வியிற் பலர்க்கும் சலிப்பே தரும். அம்பாப் பாடல் கயிறிழுக்கும் தோளை நினையாதார்க்கு வெறுங் கூவலாகத் தோன்றும். முதலிற் கசந்து பின் இனித்தலே உயர்ந்த சுவைகள் பலவற்றின் இயல்பாக இருக்க, முதற் கசப்பையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளும் ஒரு கருவி, கேட்போனை அவன் நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும். அது காட்டுவது வழியன்று; கண்ணாடி.

இரண்டாங் குறை, செயலைக் கண்டு உள்ளத்தை உய்த்துணர்தல். இவ்வுய்த்துணர்வு எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் கானல்வரியினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கடற்கரையில் யாழ் மீட்டிக் கோவலன் பாடினான், மாதவியும் பாடினாள். பாட்டிற் றலைவன் ஒருவனைச் சுட்டி அவள் பாடியதை, அவள் உள்ளம் வேறொருவன்பாற் சென்றதற்கு அறிகுறியெனக் கோவலன் கொண்டான். பாட்டினின்று பாடுவோள் மனத்தை அவன் கணித்தான், கணிப்புப் பிழைத்தது, காப்பியத்தின் துயரம் அங்கே கால்கொண்டது. அருகமர்ந்து பலகாலம் பழகியவனே இவ்வாறு பிழைத்தானெனின், கேட்ட கால அளவையும் கேட்ட எண்ணிக்கையையும் மட்டுமே அறிந்த இயந்திரம் பிழையாது கணிக்கும் என்பது எங்ஙனம்? இழவு வீட்டிற் கேட்ட ஒப்பாரியும், குழந்தை உறங்கக் கேட்ட தாலாட்டும், பரீட்சைக்காகக் கேட்ட கீர்த்தனையும் அதன் கணக்கில் ஒருதன்மையனவே. ஒருவன் ஏன் கேட்டான் என்னும் வினா அக்கணக்கினுள் அடங்காது. அடங்காமையால், காட்டுங்காலும் ஏன் காட்டுகின்றது என்று அதனாற் பொருளுறக் கூறவும் இயலாது. 'இதனைக் கேட்டோர் அதனையும் கேட்டனர்' என்பது செய்தி, காரணமன்று.

மூன்றாங் குறை இக்கடற்கரைக்கு நேரே ஊறு செய்வது. பலர் கேட்டதே மேலும் பலர்க்குக் காட்டப்படும் முறையில், ஒருவருங் கேளாத பாட்டுக்கு ஒப்பிடத்தக்க சான்று இல்லை; சான்றின்மையாற் காட்டப்படுவதில்லை; காட்டப்படாமையாற் கேட்கப்படுவதில்லை. துறை வல்லார் இதனைத் தொடக்க இடர் எனக் கூறி, தீர்க்கப் பல வழிகளும் தேடியுள்ளனர். ஆயினும் சிறுகுடியினரின் இசைக்கு அவ்விடர் தொடக்கத்தோடு முடிவதில்லை. பொருள் வருவாயும் இவ்வெண்ணிக்கையையே பற்றி நிற்கின்றது. ஸ்பொட்டிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைப் பங்கு கணக்கிடுவதில்லை. ஒரு மாநகரத்துப் பாடகருக்கு இவ்வெண் சிறிது. சிறாம்பியடி போன்றதோர் ஊரின் முதியோர் பாடி வைத்த பாட்டுக்கு அது பெரிது. தொகை அற்பமே என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் எண்ணப்படாதது இசையாக மதிக்கப்படாது என்னும் குறிப்பு அவ்விதியினுட் கிடக்கின்றது.

நான்காங் குறை பெயரிடுதலைப் பற்றியது. பாடகர், இசைத்தொகுதி, பாட்டு என்னும் மேலைநாட்டு வாணிக இசையின் மூன்று பிரிவுகளை முதன்மையாகக் கொண்டு இச்சேவைகள் அமைக்கப்பட்டன. கருநாடக இசைக்கு இராகமும் தாளமும் இயற்றியோரும் பக்கவாத்தியத்தாரும் இன்றியமையாதன. அவை குறிக்கப்படாவிடின் ஒப்பிடுதலும் பொருளற்றதாகும். பார்சலோனாவிலுள்ள பொம்பேயு பப்ரா பல்கலைக்கழகத்தில் 2011 இற் றொடங்கிய 'கொம்ப்மியூசிக்' ஆய்வுத்திட்டம் இக்குறையை உணர்ந்தே, கருநாடக இசை உட்பட ஐந்து இசை மரபுகளை அவற்றின் சொந்த இலக்கணத்தின்வழி கணினிக்கு அறிவுறுத்த முயன்றது. ஏட்டிலக்கணம் உடைய கருநாடக இசைக்கே இந்நிலையெனின், அம்பாவின் நிலை யாது? அதற்குப் பாடகர் ஒருவரல்லர், தொகுதி இல்லை, தலைப்பும் இல்லை. 'கிராமியப் பாடல்' என்றொரு பெயரின்கீழ் உடப்பூரும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் வேறுபாடின்றிக் கலந்துவிடும். நிலந்தோறும் இசை வேறென்று வகுத்த மரபினர்க்கு இஃது ஏற்புடையதன்று.

கருவி நடுநிலையானது, பயன்படுத்துவோன் விழிப்பாயின் தீங்கில்லை எனச் சிலர் மறுப்பர். மறுப்பில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் விழிப்பு என்பது முன்னரே பெற்ற சுவையறிவின் பயன். அதனைப் பெறாத இளையோரிடத்து விழிப்பை எதிர்பார்த்தல், நீந்தக் கற்கும் முன்னர்க் கடலில் இறக்குதல் போலாகும். வேறு சிலர், பழைய ஆற்றுப்படையே நன்று, இயந்திரத்தைத் துறப்போம் என்பர். கேஸ்கரின் வரலாறு அவர்க்கு விடையாகும். விலக்கப்பட்டது வேறொரு வாயிலால் வந்தே தீரும். ஆணையும் பயன்படாது, கண்ணாடியும் போதாது. இவ்விரண்டுக்கும் நடுவே, கேட்டறிந்தோர் காரணங் காட்டிக் கேட்போரை அழைத்துச் செல்லும் திறனாய்வு என்னும் நெறி உண்டு. பரிசில் பெற்ற பாணன் செய்தது அதுவே.

அந்நெறியை இணையத்தின்கண்ணேயே அமைத்தல் இயலும். அதற்குக் கல்லூரிகளும் ஆலயங்களும் ஊர்ச் சங்கங்களும் செய்யத்தக்க பணிகள் சில உள. முதலாவது, பதிவு செய்தல். இலங்கைக் கரைவலைத் தொழிலிற் பல இடங்களில் உழவியந்திரங்கொண்டு கயிறிழுக்கும் வழக்கம் புகுந்துவிட்டது. கை இழுத்தல் நிற்கும் இடத்து அதனோடு பிறந்த பாட்டும் நிற்கும். ஆதலின் பாடுவோர் இசைவு பெற்று, பாட்டை மட்டுமன்றி அது நிகழும் தொழிலையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். இரண்டாவது, பெயரிடுதல். ஊர், தொழில், பாடுவோர் முறை, பாடப்படும் காலம், சொற்பொருள் என்பன தமிழிலேயே குறிக்கப்படுமாயின், தேடுவோர்க்குப் பிடிகொம்பு கிட்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம், ஒலியும் ஒளியும் உள்ளிட்ட ஆவணங்களுக்கு ஆவணகம் என்றொரு களஞ்சியத்தையும் பேணி வருகின்றது. வைக்குமிடம் இல்லையென வருந்துதற்கு இடமில்லை. மூன்றாவது, காரணத்தோடு காட்டுதல். ஆசிரியரும் மூத்த மாணவரும் ஆண்டுக்கு இருபது பாட்டுக்களைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் ஏன் கேட்கவேண்டும், எங்ஙனம் கேட்கவேண்டும், முதலிற் கசக்குமிடம் யாது என நான்கு வரி எழுதி வெளியிடுவராயின், அச்சிறு பட்டியல் இயந்திரம் திங்கள்தோறும் அளிக்கும் முப்பதினும் பயனுடையதாகும். 'சுராங்கனி'யைக் கேட்டு மகிழும் மாணவனை அங்கிருந்து பைலாவுக்கும், பைலாவிலிருந்து மாஞ்சவுக்கும், மாஞ்சவின் விரையும் நடையிலிருந்து அம்பாவின் விரையும் நடைக்கும் அழைத்துச் செல்லலாம். இவ்வழியில் ஒப்புமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு; ஒவ்வோர் அடிக்கும் காரணமும் உண்டு.

சிலாபத்தை அடுத்த இரணவிலையில் 1990 களில் அமைக்கப்பட்ட அமெரிக்கக் குரல் அஞ்சல் நிலையம் 2016 இல் மூடப்பட்டது. நெடுந்தூரம் ஒலிபரப்பிய அதன் வானலைக் கோபுரங்களும் அவற்றின் காலம் முடிந்தபோது ஓய்ந்தன. இணையத்தின் இற்றை முறைகளும் ஒருநாள் மாறும். புதிய கணிப்பு முறைகள் வரும். கருவி எதுவாயினும், சுவையறிந்தோர் அறியாதோர்க்கு வழி காட்டுதல் என்னும் கடமை மாறாது. சிறுபாணாற்றுப்படையில் நெறி காட்டும் பாணன், நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தையும் ஆங்கு வாழ்வோரின் விருந்தோம்பலையும் கூறாது மேற்செல்லவில்லை. வழியில் உள்ளோரை மறந்த வழிகாட்டல் அவனுக்குத் தெரியாது. புத்தளக் கடற்கரையின் பாடல்கள் அவ்வாறு வழியிடைப் பட்டினங்களாகப் பெயர் சுட்டிக் காட்டப்படல் வேண்டும். காட்டுவோர் உளராயின் இயந்திரமும் அவர்க்கு ஏவலாகும். இலராயின், அதுவே ஏவுவதாகும்.